சூரபத்மன் ஏன் சாகவில்லை?

திருப்போரூரில் சண்டையை முடித்துவிட்டு திருத்தணிக்குப் போகிற வழியில் முருகன் இங்கே உட்கார்ந்து கொஞ்சம் இளைப்பாறினார். குன்றத்தூர் மலைக்கோயிலின் தலக்கதை சுருக்கமாக இவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் போரூர் இல்லை, பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் திருப்போரூர். அசுரர்களோடு கடலில் போரிட்ட இடம் திருச்செந்தூர், நிலத்தில் போரிட்ட இடம் திருப்பரங்குன்றம், வானில் போரிட்ட இடம் திருப்போரூர் என்பது மரபு. கோபம் தணிந்தது திருத்தணியில். நடுவே மூச்சு வாங்கிய இடம், 84 படி ஏறிப் போகும் இந்தச் சின்னக் குன்று.

போர்க்களம், ஓய்விடம், பயணம் முடியும் இடம். ரோல்பிளேயிங் கேம் ஆடியவர்களுக்கு இந்த வரைபடம் உடனே புரிந்துவிடும். அந்த ஆட்டங்களும் இப்படித்தான் ஒரு நிலப்பரப்பை விரிக்கும்: இங்கே ஓர் எதிரி, அங்கே ஒரு தங்குமிடம், அதற்கப்பால் ஒரு மலை.

இவற்றுக்கெல்லாம் மூத்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் எழுதிய மூன்று சின்னப் புத்தகங்கள், ஒரு பெட்டியில். முதல் பதிப்பு 1000 பிரதிகள். திரை கிடையாது, கன்ட்ரோலர் கிடையாது. ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடிடறேன்" என்று வாயாலேயே விளையாடுவார்கள். முடிவு சந்தேகமாக இருந்தால் பகடை உருளும்.

இந்த ஆட்டத்துக்குத் தீனி தேவைப்பட்டது. உலகத்துப் புராணங்களிலிருந்தெல்லாம் அள்ளினார்கள். நம்முடையதும் போனது. 1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் ராட்சசன் உண்டு. ஆனால் படத்தைப் பார்த்தால் புலித்தலை, கோட்டு, வாயில் சுங்கான்! கம்பனோ வால்மீகியோ காட்டிய ராட்சசன் இல்லை இது. 'கோல்ஷாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தில் வந்த ராட்சசன்தான் கைகாக்ஸுக்குத் தூண்டுதல். 1980இல் தெய்வங்களுக்கென்றே 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்று ஒரு தொகுதி போட்டார்கள். அதில் இந்திரன், அக்னி, யமன் ஆகியோருடன் கார்த்திகேயனும் இருக்கிறார். எல்லாருக்கும் ஹிட் பாயின்ட் உண்டு. ஹிட் பாயின்ட் உண்டென்றால், அது பூஜ்யத்துக்கு வரவும் கூடும் என்றுதானே அர்த்தம்?

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. கிரேக்கக் கடவுளுக்கும் அங்கே அதே மரியாதைதான். கவனிக்க வேண்டியது வேறு. அவர்கள் எடுத்துக்கொண்டது பெயரையும் முகத்தையும். அந்த எதிரிக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்பதை விட்டுவிட்டார்கள். நம் கதைகளின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சூரபத்மனையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்பர் பாடிய கந்தபுராணத்தில், கடைசிக் கட்டத்தில் அவன் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான். வேல் மரத்தை இரண்டாகப் பிளக்கிறது. அப்போதும் அவன் அடங்கவில்லை. சேவலும் மயிலுமாகி மறுபடி பாய்ந்து வருகிறான். முருகன் பார்க்கிறான். அந்தப் பார்வையில் பகை ஓய்கிறது. சேவல் கொடியாகிறது, மயில் வாகனமாகிறது. எதிரியாக இருந்தவன் இப்போது எந்நேரமும் கூடவே இருக்கிறான்.

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். யானைமுகம், சிங்கமுகம், சூரனின் சொந்த முகம் என்று சூரன் பொம்மையின் தலையை மாற்றி மாற்றிப் பொருத்துவார்கள். வீடியோ கேமில் கடைசி வில்லன் கட்டம் கட்டமாக உருமாறுவதுபோலவே. கூட்டத்தில் எல்லாருக்கும் முடிவு முன்கூட்டியே தெரியும். இருந்தும் பிள்ளைகள் தோளில் ஏறி நின்று பார்க்கிறார்கள். சூரன் மயிலாகி வந்து சேரும் வரை கதை முடியாது.

இது முருகன் கதைக்கு மட்டுமான வழக்கமும் இல்லை. தொண்டை மண்டலத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் போத்துராஜா நிற்பார். செஞ்சி வட்டாரக் கதைகளில் அவர் முதலில் பாண்டவர்களுக்கு எதிரில் நிற்கும் அரசன். கடைசியில் அம்மனின் காவல்காரர். இந்த வழிபாட்டை ஆராய்ந்து அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்பெய்ட்டல் 1988இலிருந்து பெரிய தொகுதிகளாகவே எழுதியிருக்கிறார். தோற்றவனுக்கு ஊர் எல்லையில் ஒரு வேலை கிடைக்கிறது. வருஷா வருஷம் படையலும் கிடைக்கிறது.

சண்டையே இல்லாத சாகசமும் குன்றத்தூரில் உண்டு. பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. இயற்பெயர் அருண்மொழித்தேவர். சோழ மன்னன் மூன்று கேள்விகள் கேட்டானாம்: மலையைவிடப் பெரியது எது, கடலைவிடப் பெரியது எது, உலகைவிடப் பெரியது எது? அப்பா திணறிப்போக, பையன் மூன்றுக்கும் திருக்குறளிலிருந்தே பதில் எழுதி அனுப்பினான். நிலை மாறாத அடக்கம் மலையைவிடப் பெரியது. பலன் எதிர்பாராத உதவி கடலைவிடப் பெரியது. காலத்தில் செய்த உதவி உலகைவிடப் பெரியது. பையன் அமைச்சனானான். செவிவழிக் கதைதான். ஆனால் பூட்டிய கதவை வாளால் உடைக்காமல் விடுகதையால் திறப்பது எந்த விளையாட்டுக்கும் பொருந்தும்.

இனி அந்த 1974 பெட்டிக்குத் திரும்புவோம். பலரும் மறந்த இரண்டு விதிகள் அதில் உண்டு. ஒன்று, புதையலில் கிடைக்கும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. ஆகவே புத்திசாலி ஆட்டக்காரர் சண்டையைத் தவிர்க்கத்தான் பார்ப்பார். இரண்டு, எதிர்ப்படும் ஜந்து என்ன மனநிலையில் இருக்கிறது என்பதை நடுவர் இரண்டு பகடை உருட்டித் தீர்மானிக்கலாம். குறைந்த எண் விழுந்தால் பகை, நடுவில் விழுந்தால் இழுபறி, அதிக எண் விழுந்தால் நட்பு. அசுரன் கூட்டாளியாக ஒரு வாசல் அங்கேயும் திறந்துதான் இருந்தது. பின்னால் வந்த பல ஆட்டங்களில், குறிப்பாகக் கணினிக்குப் போனபோது, கொல்வதே புள்ளி சேர்க்கும் வழியானது.

இன்று தமிழில் ஒரு சாகச ஆட்டம் எழுத உட்காருபவர் முதலில் செய்வது, முனி, காட்டேரி, வேதாளம் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஹிட் பாயின்ட் எழுதுவது. எழுதட்டும். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்கள் வேண்டும்: இது எந்த ஊரில் இருக்கிறது, இதற்கு என்ன வேண்டும், தோற்ற பிறகு இது யாருக்குக் காவல்? கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அது புலித்தலை ராட்சசன்தான், சுங்கான் மட்டும் இல்லை.