சிங்கவேள்குன்றத்துக் கல்லதர்

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழி முதற்பத்தின் ஏழாந் திருமொழியாலே மங்களாசாஸனம் செய்தருளிய சிங்கவேள்குன்றம், ஆந்திர தேசத்தில் நல்லமலைத் தொடரின் நடுவே விளங்கும் அஹோபிலமாகும். பிற திவ்யதேசங்களைப் பாடுமிடத்துப் பொழிலும் பொய்கையும் மாடமாளிகையுமாக அநுபவிக்கும் ஆழ்வார், இங்கு வழியின் கொடுமையையே பாட்டுத்தோறும் எடுத்துப் பேசுகிறார். பாலைத்திணை மரபைத் தழுவிய வருணனை என்று சொல்லி இதனைக் கடந்து போய்விடலாம். அடியேனுக்கு அது உடன்பாடன்று.

மேல் அஹோபிலத்திலிருந்து பவநாசினி ஓடையை ஒட்டி ஏறுகிறவர்க்கு முதலில் தோன்றுவது கற்களே. படியிட்ட இடங்கள் சிலவே. மற்றவை ஓடை உருட்டிவிட்ட பாறைகள். ஜ்வாலா நரஸிம்ஹன் ஸந்நிதியை அடைவதற்குள்ளேயே மூச்சு முட்டும். அதற்கும் மேலே, இரணியன் அறைந்த தூணாக ஸம்ப்ரதாயம் கொண்டாடும் உக்ரஸ்தம்பம், பிளவுண்ட பாறைச் சிகரமாக நிற்கிறது. அங்கு ஏறுவோர் வேரையும் பாறை விளிம்பையும் பற்றிக் கைகளாலும் ஏற வேண்டும். கால் வைத்த கல் பெயர்ந்து கீழே உருளும். முதியோர் பெரும்பாலும் ஜ்வாலா ஸந்நிதியோடு நின்று, அண்ணாந்து சேவித்துத் திரும்புவர்.

இனித் திருமொழியைப் பார்க்கலாம். நெல்லி மரங்கள் மிகுந்து கல்லைப் பிளக்கின்றன. வாகை நெற்றுக்கள் காற்றில் ஒலிக்கின்றன. மூங்கில்கள் உராய்ந்து எழுந்த தீயால் வானம் சிவக்கிறது. உச்சிப்போதில் சுழற்காற்று வீசுகிறது. கோடையில் நல்லமலைக் காட்டைக் கண்டவர் இவற்றுள் எதையும் கற்பனை என்னார். சரித்திரம் ஆராய்வார்க்கு இவற்றினும் வேண்டுவது இரண்டாம் பாட்டிலுள்ள ஒரு சொல். வேடர்கள் எறிந்து கொள்ளையிட்டது ‘செல்சாத்து’ என்கிறார் ஆழ்வார். சாத்து என்பது வணிகர் கூட்டம். வணிகர் கூட்டம் செல்லுமாயின் அங்கே வழி உண்டு. கொள்ளையிடத்தக்க பண்டமும் உண்டு. எட்டாம் பாட்டிலும் ஒன்பதாம் பாட்டிலும் ‘அதர்’ என்று வழியையே குறிப்பிடுவதும் நோக்கத்தக்கது. தினையளவும் செல்லவொண்ணாது என்று அருளிச்செய்தவரே அங்குள்ள வழியின் ஓசைகளையும் நமக்குக் கேட்பிக்கிறார். ஒன்பதாம் பாட்டில் தம் நெஞ்சைக் கொண்டாடி, தொழுவோம் என்று அதனோடு கூடவும் முற்படுகிறார்.

செல்லவொண்ணாமையை வியாக்யானம் குறையாகக் கொள்ளவில்லை என்பதே இங்கு முக்கியம். இரணியன் போன்ற ஆஸுரப்ரக்ருதிகள் கிட்டித் தீங்கு விளைக்க மாட்டாத இடமாயிருக்கிறதே என்று ஆழ்வார் உகக்கிறார் என்பது பெரியவாச்சான் பிள்ளையின் நிர்வாஹம். நமக்கு முட்டி நோவாகத் தோன்றுவது அவருக்கு எம்பெருமானுடைய அரணாகத் தோன்றுகிறது. பரிவு மிக்கவர்க்கே வாய்க்கும் பார்வை இது.

ஆயினும் சரித்திரம் ஒரு கேள்வியை எழுப்பாமல் விடவில்லை. 1515ஆம் ஆண்டின் இறுதியில், கலிங்கப் போரின்போது இங்கு வந்து ஸேவித்த கிருஷ்ணதேவராயர் ஆபரணங்களும் கிராமமும் ஸமர்ப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அச்செல்வமே பின்னர்ப் பகைவரை ஈர்த்தது போலும். 1579ஆம் ஆண்டளவில் கோல்கொண்டா இப்ராஹீம் குதுப்ஷாவின் படை, ஹண்டே தலைவர்களின் துணையோடு அஹோபிலத்தைக் கைப்பற்றியது. ஐந்தாறு ஆண்டுகள் அவ்விடம் அவர்கள் கையில் இருந்தது. மடத்து ஜீயரின் முறையீட்டைக் கேட்ட விஜயநகர மன்னர் ஸ்ரீரங்கராயரின் ஆதரவோடு கொண்டராஜு வம்சத்துத் தலைவர்கள் அதனை மீட்டனர். இதுவும் அஹோபிலத்துக் கல்வெட்டுச் செய்தியே.

அப்படியானால் வியாக்யானம் பொய்த்ததா? மலை ஒருபோதும் பகைவரை ஏறவொட்டாது என்று அது ஆரூடம் சொல்லவில்லை. ஆழ்வார் பாடியது மங்களாசாஸனம். தீங்கு வரக்கூடும் என்று அஞ்சும் நெஞ்சே காவலைத் தேடிக் கண்டு களிக்கும். அச்சத்திற்கு இடமே இல்லாத ஊரானால் இவ்வளவு உகப்பும் பிறவாது. 1579இன் செய்தியை அறிந்தபின் இத்திருமொழியை அநுஸந்திக்கும்போது, அடியேனுக்கு ஒவ்வொரு பாட்டின் ஈற்றடியும் முன்னிலும் கனத்துத் தோன்றுகிறது.

ஆழ்வார் வில்லோடு கண்ட வேடரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நல்லமலையின் செஞ்சு மக்கள் நரஸிம்ஹனைத் தங்கள் மருமகனாகக் கொண்டாடுகின்றனர். அவர்கள் குலத்துப் பெண்ணான செஞ்சுலக்ஷ்மியை அவன் மணந்தான் என்பது அவ்விடத்து வழக்கு. மடத்து ஜீயர் ஒருவரே இம்மணத்தைப் பொருளாக்கி ‘வாஸந்திகா பரிணயம்’ என்ற வடமொழி நாடகம் இயற்றினார். ஸங்க்ராந்தியை அடுத்துத் தொடங்கும் பார்வேட்டை உத்ஸவத்தில் உத்ஸவமூர்த்தி பல்லக்கில் எழுந்தருளி, நாற்பது நாட்களுக்கு மேல் சுற்றுக் கிராமங்களில் தங்கித் தங்கிச் செல்கிறான். ஆதிவண் சடகோப ஸ்வாமி காலந்தொட்டு மாலோலனும் அழகியசிங்கரோடு ஊர் ஊராக எழுந்தருளி வருகிறான். மலையேற மாட்டாது கீழே நின்றுவிட்ட முதியோர் வாசலுக்கு அவனே வந்து நிற்கிறான்.