பௌதிகவதீதத்தை ஒழிக்க முடியுமா?

பௌதிகவதீதம் என்ற சொல் முற்போக்காளர் பலரிடையே ஒரு வசைச் சொல்லாகவே வழங்கி வந்துள்ளது. எதிராளியின் வாதத்தை ஆராயாமலே தள்ளிவிட விரும்புவோருக்கு அச்சொல் எளிதிற் பயன்படுகிறது. ஆயின் அது குறிக்கும் பொருள் யாது, அதனை ஒழிக்க முற்பட்டோர் கண்ட முடிவு யாது என்பவற்றை வரலாற்றின் துணைகொண்டு நோக்குதல் பயனுடைத்து.

சொல்லின் பிறப்புத் தற்செயலானது. கி. மு. முதலாம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டிலின் நூல்களைத் தொகுத்த அந்திரோனிக்கஸ், பௌதிகம் பற்றிய நூல்களை அடுத்து வைத்தவற்றுக்குப் ‘பௌதிகத்துக்குப் பிந்தியவை’ எனப் பெயரிட்டார் என்பது மரபு. வரிசையைக் குறித்த பெயர் நாளடைவில் ஒரு துறையைக் குறிப்பதாயிற்று. உண்மையில் உள்ளது எது, காரணம் என்பது யாது, மாற்றத்தினூடே நிலைத்திருப்பது எது என்பன அத்துறையின் வினாக்கள். மத்திய கால ஐரோப்பாவில் இவ்வினாக்கள் திருச்சபைக்கு ஊழியம் செய்தன. நிலமானிய ஒழுங்கினைத் தெய்வ சித்தமாகக் காட்டவும் துணைநின்றன. எனவே, எழுச்சி பெற்ற புதிய விஞ்ஞானத்தின் நண்பர்கள் பௌதிகவதீதத்தைப் பகையாகக் கருதியதில் வியப்பில்லை. அனுபவத்தையோ கணிதத்தையோ ஆதாரமாகக் கொள்ளாத நூல்கள் நெருப்புக்கே உரியவை என 1748இல் ஹியூம் தீர்ப்பளித்தார். அறிவின் எல்லைக்கு அப்பாலுள்ளவற்றை அறிவால் நிறுவ முடியாதென 1781இல் கான்ற் காட்டினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓகஸ்ற் கொம்ற், பௌதிகவதீதம் மனித சிந்தனை கடந்து வந்துவிட்ட ஒரு படி மட்டுமே என்றார். விண்மீன்களின் இரசாயன அமைப்பை மனிதன் ஒருநாளும் அறியமாட்டான் என்றும் அவர் 1835இல் எழுதினார். 1859இல் கிர்க்கோவும் புன்சனும் ஒளியைப் பிரித்து ஆராய்ந்து, அதனை அறியும் வழியைத் திறந்துவிட்டனர். விஞ்ஞானத்தின் பெயரால் இடப்பட்ட வேலியை விஞ்ஞானமே தாண்டிச் சென்றது.

இதனினும் ஆழமான பாடம் அணுவின் வரலாற்றில் உள்ளது. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் அணுக்கொள்கையை உரைத்த தெமோக்கிரித்தஸ் எந்த அணுவையும் கண்டவரல்லர். அவருடையது தூய ஊகம். 1808இல் தால்தன் அதனை இரசாயனத்துக்குப் பயன்படுத்திய பின்னரும் அணு எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. அதனால் வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் மாக், புலனுணர்வுகளுக்கு அப்பால் அணு என்றொரு பொருள் உண்டெனக் கூறுவது பௌதிகவதீதமே என்று மறுத்தார். அதே நகரில் லுட்விக் போல்ஸ்மன், அணுக்கள் உண்மையிலேயே உள்ளன என்ற நம்பிக்கையின்மீது வெப்பம் பற்றிய தமது கொள்கையைக் கட்டியெழுப்பினார். 1905இல் ஐன்ஸ்டைன், திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவை அணுக்கொள்கையால் விளக்கினார். 1908 முதல் பிரான்சில் பெரின் நடத்திய பரிசோதனைகள் அவ்விளக்கத்தை உறுதி செய்தன. அதனைக் காணப் போல்ஸ்மன் உயிரோடிருக்கவில்லை. அவர் 1906இலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மாக்கின் கருத்து இடதுசாரிகளிடையேயும் பரவியது. போக்தனோவ் முதலியோர் அதனை ஏற்றபோது, 1909இல் வெளிவந்த நூலொன்றில் லெனின் அதனைக் கடுமையாக எதிர்த்தார். பொருள் நமது உணர்வைச் சாராது உள்ளது என்பதே அவரது நிலைப்பாடு. இங்கு நாம் நேர்மையாக ஒன்றைக் கூறவேண்டும். ஏங்கெல்ஸ் 1878இல் ‘பௌதிகவதீதம்’ எனக் கண்டித்தது, பொருள்களைத் தனித்தனியாகவும் அசைவற்றனவாகவும் நோக்கும் சிந்தனை முறையையே. ஆனால், உள்ளது எது என்ற வினாவுக்கு விடை கூறுவதே பௌதிகவதீதம் எனின், பொருள்முதல்வாதமும் ஒரு பௌதிகவதீதமே. அதற்காக நாம் நாணவேண்டியதில்லை.

வியன்னா வட்டத்தினரோ இவ்வினாக்களையே அர்த்தமற்றவை என்றனர். 1929இல் அவர்கள் தம் பிரகடனத்தை வெளியிட்டனர். அனுபவத்தாற் சரிபார்க்க முடியாத வாக்கியம் பொய்கூட அன்று, வெறும் ஒலியே என்பது அவர்களது கொள்கை. 1932இல் கார்னாப் அதற்கு எடுத்துக்காட்டாக ‘இன்மை’ பற்றிய ஹைடெகரின் வாக்கியங்களைக் கிழித்துக் காட்டினார். மறு ஆண்டு ஹைடெகர் நாஸிக் கட்சியிற் சேர்ந்தார். வட்டத்தைச் சேர்ந்த நொய்ராத்தோ தொழிலாளரும் படித்தறியும் வண்ணம் புள்ளிவிபரங்களைப் படங்களாக்கி 1925 முதல் அருங்காட்சியகம் நடத்தியவர்; 1934இல் வலதுசாரிகள் வியன்னாவின் தொழிலாளர் இயக்கத்தை நசுக்கியதும் நாடிழந்தார். வட்டத்தின் தலைவர் ஷ்லிக் 1936 யூன் 22ஆந் திகதி பல்கலைக்கழகப் படிக்கட்டில் முன்னாள் மாணவனொருவனாற் சுடப்பட்டு இறந்தார். இருளைப் பரப்பிய சொல்லலங்காரத்துக்கு எதிராக அவர்கள் நடத்திய போர் மதிப்புக்குரியது.

எனினும் அவர்களது ஆயுதம் அவர்களையே காயப்படுத்தியது. சரிபார்க்க இயலாதது அர்த்தமற்றது என்ற வாக்கியத்தை எவ்வனுபவத்தாற் சரிபார்ப்பது? எல்லா உலோகங்களும் வெப்பத்தால் விரியும் என்பது போன்ற பொதுவிதிகளைத்தானும் முற்றாகச் சரிபார்க்க முடியுமா? 1934இல் வெளிவந்த தமது நூலில் பொப்பர் இக்குறையைச் சுட்டினார். விஞ்ஞானத்தைப் பிரித்தறிய வேறோர் அளவுகோலைத் தந்தார். பௌதிகவதீத ஊகங்கள் விஞ்ஞானத்துக்கு வழிகாட்டியதுண்டு என்பதையும் அவர் ஏற்றார்.

அறத்துறையில் நட்டம் இன்னும் பெரிது. ‘கொடுமை தீது’ என்பது அறிவு சார்ந்த கூற்றன்று, உணர்ச்சியின் வெளிப்பாடே என்று 1936இல் எயர் எழுதினார். அவ்வாறாயின் பாசிஸ்டுக்கும் அவனை எதிர்ப்பவனுக்கும் இடையே உள்ளது சுவை வேறுபாடு மட்டுமா? பாசிசத்துக்குப் பணியாத அவ்வட்டத்தினரின் வாழ்க்கை அவர்களது அறக்கொள்கையைவிட உயர்ந்து நிற்கிறது. மனிதன் எத்தகையவன், அவன் ஏன் கருவியாகப் பயன்படுத்தப்படலாகாது என்ற வினாக்களுக்கு விடை தேடாமல் சுரண்டலை அநீதி என்று வாதிட முடியாது. அவ்விடைகளைப் பரிசோதனைச் சாலை மட்டும் தராது. ஹைடெகரின் வரலாறு காட்டுவதுபோல, ஆழ்ந்த பௌதிகவதீதமும் தானாக அறத்தைத் தந்துவிடாது.

ஆதலின் பௌதிகவதீதம் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று பிரச்சினை. அதனைத் துரத்திவிட்டதாக எண்ணுவோர், ஆராயப்படாத ஒன்றைத் தம்முள்ளே சுமந்து திரிகின்றனர். எந்தப் பௌதிகவதீதம் விஞ்ஞானத்தின் கண்டனத்துக்குத் தன்னை உட்படுத்துகிறது, எது மனிதனின் துயருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது என்பதே பிரச்சினை. போல்ஸ்மனின் அணு அத்தேர்வுகளுள் முதலாவதிலே தேறியது. நமது மாணவர் தாம் கொண்டுள்ள கொள்கைகளையும் அவ்விரு தேர்வுகளுக்கும் உட்படுத்தப் பழகுவாராக.