ரயில்வே வேலையும் ரிங்வுட் ஆட்டமும்

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "பழைய கதை வேணுமா, இல்லே பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன். "ரெண்டையும் கலந்து எழுதுப்பா" என்றார். ஆகவே கூடைப்பந்தைப் பற்றி எழுதுகிறேன்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. அண்மையில் கல்லூரிக்குப் போனபோது மைதானத்தில் மாணவிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் இங்கே ஆடியவன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன். உடனே ஒரு மாணவி, "சார், நல்லா ஆடினா இதை வச்சே பிழைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

எங்கள் காலத்திலும் இதே கேள்வி இருந்தது. அப்போது இது தென்னார்க்காடு மாவட்டம். மழை பெய்தால் சிமெண்ட் தரையில் தண்ணீர் தேங்கும். நாங்களே துடைப்பம் எடுத்துத் தள்ளிவிட்டு ஆடுவோம். சிதம்பரத்தில் போட்டி என்றால் திருப்பாதிரிப்புலியூரில் மீட்டர்கேஜ் பாசஞ்சர் ஏறுவோம். ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும். அண்ணாமலைப் பல்கலைக்கழக மைதானத்தைப் பார்த்தாலே பாதி தைரியம் போய்விடும். தோற்றாலும் கீழவீதியில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவோம்!

எங்கள் அணியில் ஒரு நண்பன் இருந்தான். பெயர் வேண்டாம். அவன் கைக்குப் பந்து போனால் எங்களுக்குக் கவலை இல்லை. படிப்பு முடிந்ததும் சென்னையில் ஓர் அலுவலக அணியின் தேர்வுக்குப் போனான். கடைசிவரை நின்று, கடைசியில் இடமில்லை என்று திரும்பி வந்தான். அன்றோடு பந்தைத் தொடுவதை விட்டுவிட்டான். வேலை கிடைத்தால் ஆட்டம், கிடைக்காவிட்டால் ஆட்டமும் இல்லை. அன்றைய நிலை அதுதான்.

இது எப்படி வந்தது என்று கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளேயே விளையாடுவதற்காக 1891 டிசம்பரில் கண்டுபிடித்த ஆட்டம் இது. பீச் பழக்கூடைகளை மாட்டி ஆடியதால் கூடைப்பந்து. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். இப்படித்தான் பழக்கூடை நம் பக்கத்துப் பள்ளி மைதானங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஆட்டம் வந்ததே தவிர, அதை ஆடிச் சம்பாதிக்கும் வழி வரவில்லை. அமெரிக்காவில் 1946-லேயே என்.பி.ஏ. தோன்றிவிட்டது. நமக்கோ ரயில்வே, வங்கிகள், போலீஸ் ஆகியவைதான் கைகொடுத்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, அலுவலகத்தின் பெயரில் ஆட்டம், மாதச் சம்பளம். காலில் அடிபட்டாலும் சம்பளம் நிற்காது. சும்மா சொல்லக்கூடாது, நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது இந்த ஏற்பாடுதான்.

இதற்கு இரண்டு பெண்களைச் சான்றாகக் காட்டலாம். இருவரும் 1985 ஜூன் மாதம் பிறந்தவர்கள். எட்டே நாள்தான் வித்தியாசம். இருவருக்குமே வேலை தெற்கு ரயில்வேயில்.

ஒருவர் சென்னையில் பிறந்த அனிதா பால்துரை. 19 வயதில் இந்திய அணியின் கேப்டனானார். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடினார். திருமணமாகிக் குழந்தை பெற்றபின், "இனி எங்கே ஆடப்போகிறார்" என்று பிறர் நினைக்கும் நேரத்தில் திரும்பி வந்தார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா வென்றபோது அணியில் அவரும் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மற்றவர் கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ். ஆறடிக்கு மேல் உயரம். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கமுள்ள ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்காக ஆடினார். ஒரு இந்தியப் பெண் கடல் கடந்து போய்க் கிளப் ஆட்டம் ஆடுவது அன்று கேள்விப்படாத சங்கதி. 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளான சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ மூன்றும் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. மூன்றிலும் இடம் கிடைக்கவில்லை.

ஆனால், என் நண்பனைப் போல அவர் பந்தைக் கீழே வைத்துவிடவில்லை. இந்திய அணிக்காகத் தொடர்ந்து ஆடினார். 2014-ல் அர்ஜுனா விருது வந்தது. இருவருக்கும் திறமையில் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் பெரிய வித்தியாசம் வேறு. தோற்றுத் திரும்பி வந்தால் நிற்பதற்குக் கீதுவுக்கு ஓர் இடம் இருந்தது. என் நண்பனுக்கு இல்லை.

வெளிநாட்டு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் ஒரு சீசன் கணக்கு. அடுத்த சீசன் அவர்கள் கையில். 2015-ல் பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை டல்லாஸ் அணி 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ.வுக்குத் தேர்வான முதல் இந்தியர் அவர். நாடே கொண்டாடியது. ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் களம் இறங்கவில்லை. தேர்வாவது வேறு, ஆடுவது வேறு என்பதை இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அதற்காக வெளியே போகவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உள்ளூரிலேயே இருந்துவிட்டால் நம் உயரம் நமக்குத் தெரியாது. 2009-ல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பெண்கள் ஆசியச் சாம்பியன்ஷிப் நடந்தபோது ஒருநாள் போயிருந்தேன். கோப்பை வென்ற சீனப் பெண்கள் ஓடிய வேகத்தைப் பார்த்தபோது, ஒரு காலத்தில் சிதம்பரம் மைதானத்தைப் பார்த்து மிரண்ட எங்கள் ஞாபகம்தான் வந்தது. ஆனால் அந்தச் சிதம்பரம் போய்த் தோற்றதால்தானே நாங்கள் கொஞ்சமாவது ஆடக் கற்றோம்?

ஆகவே, அந்த மாணவிக்கு என் பதில் இது: "அம்மா, பிழைக்க முடியும். ஆனா பந்தை மட்டும் நம்பி இறங்காதே. டிகிரியை முடி. ரயில்வே, போலீஸ் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பு வந்தா விடாதே. காலை ஊன்ற ஒரு இடம் கிடைச்சப்புறம், எட்டின மட்டும் தாவு."

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வந்து நிற்க ஓர் இடம் வேண்டும் என்றேனே, அதன் முதல் படி நம் கல்லூரி மைதானம்தான். தரையில் இப்போதும் மழைத்தண்ணீர் தேங்குகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் இல்லை. இந்தச் சந்திப்பில் விருந்துக்குப் பிரிக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். தரையைச் சீர்செய்து நான்கு விளக்குகள் போட்டால் போதும். என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

பந்தை விட்டுவிட்ட அந்த நண்பனுக்கும் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விளக்கு போடற அன்னிக்குச் சொல்லு, வரேன்" என்றான்.