பழைய சிங்கர்

தொண்டாமுத்தூர்த் தையற்காரர் ஒருவர், இரண்டு பெண்களைக் கரையேற்றிய தம் சிங்கர் பொறியைப் பழைய இரும்புக்குப் போட முற்பட்டார். சற்றுக் கூடுதல் விலை கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன்.

சக்கரம் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற வைத்தேன். முரட்டுத்தனமாகத் திருப்பினால் உள்ளுறுப்புகள் கெடும். பின்பு தையல் எண்ணெய் இட்டு, தோல் வாரை மாற்றினேன். மங்கிய பொற்சித்திரத்துக்குப் புதுவண்ணம் பூசவில்லை. பூசினால் பொறியின் வயது மறைந்துவிடும். 'ஒய்' எனத் தொடங்கும் அதன் எண் ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்க் தொழிற்சாலையைக் குறிக்கிறது. அத்தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது.

இப்பொறியின் பிறப்பைப் பற்றி இனிய கதையொன்று உண்டு. எந்திரங்களை ஐயுற்ற காந்தியடிகள், பின்னாளில் காந்திகிராமம் கண்ட ஜி. இராமச்சந்திரனுடன் 1924-இல் உரையாடியபோது, சிங்கருக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்து வருந்தக் கண்டே சிங்கர் இதனைப் படைத்தார் என்றார். வரலாறோ வேறு. எலியாஸ் ஹோவ் 1846-இலேயே தையற்பொறிக்கு உரிமம் பெற்றுவிட்டார். 1850-இல் பாஸ்டன் பட்டறையொன்றில், பிறர் ஆக்கிய பொறி அடிக்கடி பழுதுபட்டது. அதைச் சீர்செய்யப் புகுந்த சிங்கர், தமதான பொறியை உருவாக்கி 1851-இல் உரிமம் பெற்றார். மனைவியின் கதை உள்ளத்தைத் தொடுவதே. எனினும் எனக்குப் பட்டறைக் கதையே பிடித்திருக்கிறது.

சென்ற மாதம் அத்தையற்காரர் வந்து மிதியில் கால் வைத்தார். இரண்டு சாண் தைத்துப் பார்த்துவிட்டு, நூலை நான் மிகவும் இறுக்கி வைத்திருப்பதாகக் கூறித் திருகைத் தளர்த்தினார்.