புள்ளிக் குலமும் புள்ளிக் கோலமும்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் உப்பளப் பாத்திகள் கண்ணில் படும். அங்கே விளைகிற கல் உப்பில் ஒன்றைப் பொறுக்கி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். விளிம்பு தேய்ந்திருக்கலாம், முகம் படிக்கட்டு மாதிரி உள்வாங்கியிருக்கலாம். ஆனாலும் மூலைகள் செங்கோணத்தை விடுவதில்லை. ஒழுங்காக வளர்ந்த உப்புக் கனசதுரத்தை 24 விதமாகத் திருப்பி வைக்கலாம், திருப்பியதே தெரியாது. கண்ணாடிப் பிம்பங்களையும் சேர்த்தால் 48. வேதியியல் முதுகலை மாணவர்கள் இந்த 48-ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘ஓஹெச்’ என்று சீட்டு ஒட்டுவார்கள். மூட்டையின் பொதுப்பெயர் புள்ளிக் குலம். என்ன திருப்பினாலும் நடுவில் ஒரு புள்ளி மட்டும் அசையாது, அதனால் அந்தப் பெயர்.

தேர்வுக்கு இதை உருப்போடுகிறவர்கள், மூலக்கூறுகளுக்காகவே யாரோ உட்கார்ந்து கண்டுபிடித்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் இந்தக் குடும்பத்துக்கு மூலக்கூறு கடைசியாக வந்த மருமகள். மூத்தவை எல்லாம் கற்கள்.

பாரிஸில் 1780-களில் ரெனே ஜுஸ்ட் ஆவி என்றொரு பாதிரியார் இருந்தார். (பெயரை ஏறக்குறைய அப்படித்தான் உச்சரிக்க வேண்டும், நான் என்ன செய்ய?) நண்பர் ஒருவரின் கல் சேகரிப்பைப் பார்க்கப் போன இடத்தில் கால்சைட் படிகம் ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. குனிந்து சில்லுகளைப் பொறுக்கியவருக்கு ஆச்சரியம். வெளியே அறுகோணத் தூணாக நின்ற கல், உள்ளே சாய்சதுரக் கட்டிகளாகப் பிளந்திருந்தது. வீட்டுக்கு வந்து தன்னிடமிருந்த கால்சைட் கற்களையும் உடைத்துப் பார்த்தார். வெளித்தோற்றம் எதுவானாலும் உள்ளே அதே கட்டிதான். ஒரே அச்சில் அறுத்த செங்கல்லை அடுக்கினால் சுவர் எழுவது போலத்தான் படிகமும் என்று 1784-ல் நூல் எழுதினார்.

செங்கல் என்று சொல்லிவிட்டால் கட்டுப்பாடும் கூடவே வந்துவிடும். ஒழுங்கான ஐங்கோண ஓடுகளை மட்டும் வைத்து இடைவெளி இல்லாமல் தரை போட முடியாது என்பது எந்த மேஸ்திரிக்கும் தெரியும். இந்தக் கட்டுப்பாட்டைக் கடைசி வரை துரத்திப் போனவர் ஜெர்மனியில் மார்பர்க் நகரத்து யோஹான் ஹெசல். படிகங்களின் சமச்சீருக்கு, அதாவது புள்ளிக் குலத்துக்கு, 32 வகைதான் உண்டு, 33-வது கிடையாது என்று 1830-ல் நிறுவினார். அதை அவர் வெளியிட்ட இடம்தான் வேடிக்கை: ஓர் இயற்பியல் அகராதியில், ‘படிகம்’ என்ற சொல்லுக்கு அடியில். சுமார் 60 ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. இடையில் 1867-ல், பின்லாந்தில் பிறந்த ரஷ்யப் பீரங்கிப் படை அதிகாரி ஆக்சல் கதோலின் தன் வழியில் கணக்குப் போட்டார். விடை அதே 32. காப்பி அடித்தார் என்று சொல்லவும் வழியில்லை. அகராதிக்குள் யார் போய்த் தேடுவார்கள்?

1891-ல் ஜெர்மானியர் ஷோன்ஃபிளீஸும் ரஷ்யர் ஃபெதரோவும் கடிதத்தில் ஒருவர் பிழையை ஒருவர் திருத்திக்கொண்டே, படிக அடுக்குகளுக்கு மொத்தம் 230 முறைகள் என்று கண்டார்கள். இன்று வேதியியலார் எழுதும் குறியீடுகள் ஷோன்ஃபிளீஸ் பெயரில்தான் வழங்குகின்றன. தாம்பரத்தில் ஒரு மாணவி கண்ணாடித் தளத்துக்கு ‘சிக்மா’ போடும்போது, கண்ணாடிக்கான ஜெர்மன் சொல்லான ‘ஷ்பீகல்’ என்பதன் முதலெழுத்தைத்தான் கிரேக்கத்தில் எழுதுகிறாள். அவளுக்கே அது தெரியாது.

1913-ல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரால் உப்புக்குள்ளேயே பார்த்துவிட்டார்கள். உள்ளே சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாதிரி மாறிமாறி நின்றன. இதுதான் ஒரு மூலக்கூறு என்று எந்த இணையையும் பிரித்துக் காட்ட முடியவில்லை. 80-ஐ நெருங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேய வேதியியலார் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் கொதித்துப்போய் 1927-ல் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். உப்புக்கு இப்படி ஓர் அவமானமா என்பதே கடிதத்தின் தொனி. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயுள் முழுக்க மூலக்கூறு, மூலக்கூறு என்று பாடம் எடுத்தவர்.

அதே பத்தாண்டில் இயற்பியலாளர்கள் குலக் கோட்பாட்டை அணுவுக்குள் கொண்டுபோனார்கள். பிடிக்காதவர்கள் அதைக் ‘குலக் கொள்ளைநோய்’ என்று ஜெர்மனில் வைதார்கள். நோயைப் பரப்ப நம் ஊர்க்காரர் ஒருவரும் தெரியாமலே உதவினார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல், மூலக்கூறின் அதிர்வுகளைக் கோடுகளாக எழுதிக் காட்டியது. எந்தக் கோடு வரும், எது வராது என்பதைப் புள்ளிக் குலம்தான் முன்கூட்டிச் சொல்லும். கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கார்பன், இரு புறமும் ஆக்சிஜன், ஆக சமச்சீர் மையம் உண்டு. இரண்டு ஆக்சிஜனும் ஒருசேர விலகி ஒருசேர நெருங்கும் அதிர்வு ராமன் நிறமாலையில் தெரியும், அகச்சிவப்பில் தெரியாது. மையமுள்ள எந்த மூலக்கூறிலும் ஒரே அதிர்வு இரண்டிலும் தலைகாட்டாது.

ராமனிடம் வேலை செய்த பகவந்தம், வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வால்டேர் அப்போது சென்னை மாகாணம். அங்கே வெங்கடராயுடுவும் அவரும் 1939-ல் ஒரு தந்திரம் செய்தார்கள். படிகத்தின் ஓர் அலகு அறையை, அதாவது ஒரு செங்கல்லை, ஒரே பெரிய மூலக்கூறாகப் பாவித்து, அதன் அதிர்வுகளை எண்ணினார்கள். படிகத்திலிருந்து மூலக்கூறுக்குப் போன குலம் மறுபடி படிகத்துக்கே திரும்பியது. 1948-ல் அவர்கள் எழுதிய குலக் கோட்பாட்டு நூல் வெளிநாடுகளிலும் படிக்கப்பட்டது. வேதியியல் வகுப்புக்கு இதைப் பாடமாக்கியது 1963-ல் வந்த, காட்டன் என்ற வேதியியலாரின் புத்தகம்.

செங்கல் அடுக்குக்குக் கட்டுப்படத் தேவையில்லாத தனி மூலக்கூறுகள் ஐந்துமடி அச்சையும் வைத்துக்கொள்ளும். 1985-ல் பிடிபட்ட 60 கார்பன் பந்துக்குத் திருப்பலும் பிம்பமுமாக 120 செயல்கள். உப்பு தோற்றுவிட்டது.

நம் பக்கத்தில் இந்தச் சமச்சீர் வித்தைக்குக் கல்லும் வேண்டியதில்லை, மாவு போதும். தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் கோலத்தைக் கணினிக்குப் புரியும் இலக்கணமாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா மார்கழியில் போடும் சிக்குக் கோலம் ஒன்று உண்டு. கால் வட்டம் திருப்பினால் அப்படியே பொருந்தும், கண்ணாடியில் காட்டினால் பொருந்தாது. வேதியியல் புத்தகத்தில் அதற்கு ‘சி4’ என்று பெயர். போன மார்கழியில் ஒரு நாள் மூன்றாவது மூலையில் கம்பி எதிர்ப்பக்கம் சுழித்துவிட்டது. நான் கவனிப்பதற்குள் அவர் புறங்கையால் அந்த வளைவை அழித்து, இழையை மறுபடி இழுத்துவிட்டார்.