சேலம் – நாமக்கல் சமவெளியில் மறை வந்த வழி

நம் பங்கின் வரலாறு இம்மலரில் வேறிடத்தில் அச்சாகியுள்ளது. நாம் இங்கே எழுதப் புகுவது அதற்கு முந்திய கதை. கோவில் கட்டப்படுவதற்கும், பங்கு பிரிக்கப்படுவதற்கும், ஏன், சேலம் என்றொரு மறைமாவட்டம் உண்டாவதற்கும் வெகு காலம் முன்னே நடந்தது.

எழுதத் தூண்டியது ஒரு கேள்விதான். நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும், நம்மைத் தேநீர்க் கடையிலும், சந்தையிலும் பிறர் கேட்பதுண்டு: "உங்கள் வேதம் பரங்கியர் பீரங்கியோடு வந்ததுதானே?" கேட்பவர் பெரும்பாலும் பகையால் கேட்பதில்லை. நாமோ கோபப்படுகிறோம், இல்லையேல் சிரித்து மழுப்புகிறோம். பதில் தெரியாமையே இரண்டுக்கும் காரணம். நம் சமவெளியைப் பொறுத்தமட்டில் இதற்கு நேர்மையான பதில் உண்டு. ஆனால் அது முழுக்க நமக்குச் சாதகமானதும் அல்ல.

முதலில் அக்காலத்து உலக நிலையைச் சற்றுப் பார்ப்போம். 1580 முதல் 1640 வரை ஸ்பெயின், போர்த்துகல் ஆகிய இரு முடிகளையும் ஒரே அரசரே சூடியிருந்தார். இரண்டாம் பிலிப், மூன்றாம் பிலிப், நான்காம் பிலிப் என்று மூவர். பாப்பரசர்கள் முன்னமே இவ்விரு அரசுகளுக்கும் ஞானக்காவல் உரிமை வழங்கியிருந்தனர். போர்த்துகீசியர் அதைப் 'பதுரவாதோ' என்றனர். குருக்களை அனுப்புவதும், செலவுக்குக் கொடுப்பதும், ஆயர்களை நியமிக்கப் பெயர் சொல்வதும் அரசரின் கடமை, உரிமை. ஆக, மெக்சிகோவுக்கு வடக்கே பாலைநிலத்தில் திரிந்த பிரான்சிஸ்கன் துறவியும், மதுரையில் வாழ்ந்த இயேசு சபைக் குருவும் அந்நாளில் ஒரே அரசரின் காவலின் கீழ்தான் இருந்தார்கள். இதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

அந்த வடக்கு எல்லையில் நடந்தது என்ன? 1598-ஆம் ஆண்டில் ஹுவான் ஓன்யாத்தே என்னும் தலைவர் போர்வீரர்கள், குடியேறும் குடும்பங்கள், ஆடுமாடுகள், துறவிகள் அனைவரோடும் ரியோ கிராந்தே ஆற்றைக் கடந்து, நியூ மெக்சிகோ நாட்டை அரசர் பேருக்கு எடுத்துக்கொண்டதாக அறிவித்தார். ஆக்கோமா என்னும் குன்றின்மேல் வாழ்ந்த மக்கள் எதிர்த்துச் சில வீரர்களைக் கொன்றனர். 1599 தொடக்கத்தில் அவ்வூர் அழிக்கப்பட்டது. பிடிபட்டவர்களில் 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஒரு பாதத்தைத் துண்டிக்கும் தண்டனையும், 20 ஆண்டு அடிமை ஊழியமும் விதிக்கப்பட்டன. கொடுமைகளுக்காக ஓன்யாத்தே பிற்பாடு மெக்சிகோவில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார் என்பதும் உண்மை. கோவிலும் படைவீடும் அடுத்தடுத்து எழுந்த நாடு அது. 1680-இல் அம்மக்கள் ஒன்றுதிரண்டு எழுந்தபோது ஸ்பானியர் ஏறக்குறைய 400 பேரும், அவர்களுள் 21 துறவிகளும் மாண்டனர். எஞ்சியோர் நாட்டைவிட்டே ஓடினர். 12 ஆண்டுகள் கழித்தே ஸ்பானியர் அங்கு திரும்ப முடிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

கொல்லிமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட நம் சமவெளியும் அந்நாளில் ஓர் எல்லைப்புறம்தான். மதுரை நாயக்கர் ஆட்சியின் வடகோடி இது. அதற்கப்பால் மைசூர் உடையார்கள் வளர்ந்து கொண்டிருந்தார்கள். தாரமங்கலத்தில் கெட்டி முதலிகள், சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர், சேலத்தில் வேறொரு நாயக்கர் எனப் பாளையத் தலைவர்களே உண்மையில் ஆண்டார்கள். அவர்கள் அனுமதியின்றி இங்கே ஒரு குடிசையும் போட முடியாது. போர்த்துகீசியரின் பீரங்கிகளெல்லாம் கொச்சியிலும், நாகப்பட்டினத்திலும், முத்துக்குளித்துறையிலும் கடலைப் பார்த்து நின்றன. நம் கம்பங்கொல்லைகளுக்கு அவற்றின் ஓசைகூட எட்டாது.

இப்படிப்பட்ட நாட்டுக்குத்தான் 1623-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நோபிலி கால்நடையாய் வந்தார். 1577-இல் பிறந்த இத்தாலியர், உயர்குடியினர். 1606-இல் மதுரை சேர்ந்தார். அவருக்கு முன் அங்கே இருந்தவர் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துகீசியக் குரு. முன்னாள் போர்வீரர், நல்லவர், உழைப்பாளி. மருத்துவமனையும் பள்ளியும் வைத்திருந்தார். கடற்கரையிலிருந்து வந்திருந்த கிறிஸ்தவர்களைக் கவனித்தாரேயன்றி, உள்ளூரார் மனந்திரும்பக் காணவில்லை. காரணம் அந்த ஒரே சொல்: பரங்கி. திருமுழுக்குப் பெறுவது பரங்கிக் குலத்தில் சேர்வது என்றே மக்கள் எண்ணினர். இறைச்சியும் மதுவும் புழங்கும், குளிக்காத, குலங்கெட்ட கூட்டம் என்பதே அச்சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள்.

நோபிலி அங்கியைக் களைந்தார், காவி உடுத்தார், புலால் நீக்கினார். தமிழும் வடமொழியும் கற்று, தமிழிலேயே ஞானோபதேசம் எழுதினார். தாம் பரங்கி அல்லர், ரோமாபுரியில் பிறந்த சந்நியாசி என்றார். இதில் ஒன்றை நாம் மறைக்கலாகாது. பிறப்பைப் பொறுத்தமட்டில் அது உண்மை. ஆனால் அவரை அனுப்பிய ஏற்பாட்டைப் பொறுத்தமட்டில் பாதி உண்மையே. அவர் கப்பலேறியது லிஸ்பனில், பதுரவாதோவின் கீழ்.

அவரது முறை சொந்தச் சபையிலேயே புயலைக் கிளப்பியது. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை குல அடையாளங்களா, அஞ்ஞான வழிபாடா என்பதே வழக்கு. 1619-இல் கோவாவில் கூடிய சபையில் பேராயரே அவருக்கு எதிராய் நின்றார். ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில் பிறந்த கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் அவர் பக்கம் நின்றார். வழக்கு ரோமாபுரிக்குப் போயிற்று. பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் 1623 ஜனவரி 31-இல் அவ்வழக்கங்களைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்து ஆணையிட்டார். லிஸ்பனிலிருந்து கோவாவுக்குக் கப்பல் வர அந்நாளில் ஆறு மாதம் ஆகும். ஆகவே அவர் வடக்கே புறப்பட்ட வேளையில் அவ்வாணை அவர் கைக்கு வந்திருக்க வழியில்லை. தீர்ப்பு எப்படியிருக்கும் என்று தெரியாமலே நம் பக்கம் நடந்திருக்கிறார்.

மதுரையிலிருந்து திருச்சி, பின்பு காவிரி கடந்து சேந்தமங்கலம். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தை நாம் எத்தனை முறை பேருந்தில் கடந்திருப்போம்! அங்கேதான் இராமச்சந்திர நாயக்கர் இவரை மரியாதையோடு வரவேற்று, கோவில் கட்ட இடமும் அளித்தார். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கர் என்றே நம் ஊர்ப் பாரம்பரியம் சொல்கிறது. கோட்டையைப் பார்க்கும் நம்மில் யாருக்காவது, வேதத்துக்கு இச்சீமையில் முதல் நிலம் தந்தவர் பெயரும் அதுவே என்ற நினைவு வருவதுண்டா?

அங்கிருந்து சேலம். சேலத்தில் வரவேற்பில்லை. புதிய சந்நியாசி யாரோ எவரோ என்று ஒருவரும் வீட்டில் இடம் தரவில்லை. வழிப்போக்கர் தங்கும் திறந்த சத்திரத்தில், காற்றிலும் குளிரிலும் பல நாள் கிடந்தார். நோயிலும் விழுந்தார். வயது அப்போது 45-க்கு மேல். பல்லாண்டு ஒருவேளை உணவால் மெலிந்த உடல். படையை அழைக்க அவருக்குப் படையில்லை. முறையிட அதிகாரியும் இல்லை. ஊரார் மனம் இளகும்வரை காத்துக் கிடப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஓன்யாத்தேயின் எல்லைக்கும் நம் எல்லைக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இந்தச் சத்திரத்தில் இருக்கிறது என்பது நம் எண்ணம். அங்கே வந்தவர் இடத்தை எடுத்துக்கொண்டார்; இங்கே வந்தவர் இடம் கேட்டார், மறுக்கவும் பட்டார்.

பின்னரே ஒருவர் இரங்கி வீடு தந்தார். மெள்ள மெள்ளப் பேச்சுக் கேட்கப் பலர் வந்தனர். சேலத்துத் தலைவரும் நண்பரானார். அத்தலைவரின் அண்ணன் திருமங்கல நாயக்கர், ஆட்சியை இழந்து வாழ்ந்தவர், 1625-ஆம் ஆண்டில் தம் குடும்பத்தாருடன் ஞானஸ்நானம் பெற்றார். மோரமங்கலத்திலும் கிறிஸ்தவக் கூட்டம் ஒன்று உருவாயிற்று. பழைய ஏடுகளில் மதுரை, திருச்சி என்ற பெயர்களுக்கு அடுத்தபடியாகச் சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று நம் ஊர்ப் பெயர்கள் வருவது இதனால்தான்.

விழா மலர்கள் வழக்கமாக இவ்விடத்தில் நிறுத்திப் பெருமை பேசும். நாமும் நிறுத்தியிருப்போம், ஆனால் கணக்கில் மறுபக்கமும் உண்டு.

விருந்தாளியாய் வந்தவர் வீட்டுக்காரர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டார். வீட்டின் வழக்கம் சாதி. உயர்குலத்தார் நடுவே சந்நியாசியாய் வாழ்ந்தவர், தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாய்ப் பழக முடியவில்லை. அவர்களும் விசுவாசம் கேட்டு வந்தபோது இராக்காலத்தில், மறைவில் சந்திக்க வேண்டியதாயிற்று. இச்சங்கடம் தீர, 1640-இல் பல்தசார் தா கோஸ்தா என்னும் குரு பண்டார சுவாமி என்ற வேறொரு கோலம் பூண்டார். பண்டாரத்தை எல்லாக் குலத்தாரும் அணுகலாம். நற்செய்தி பரவியது பெரும்பாலும் இப்பண்டார சுவாமிகளாலும், அவர்களோடு நடந்த உபதேசியார்களாலும்தான். ஓரியூரில் 1693-இல் இரத்தம் சிந்திய அர்ச். அருளானந்தரும் பண்டார சுவாமியே. ஆனால் சந்நியாசிக்கு ஒரு கூட்டம், பண்டாரத்துக்கு ஒரு கூட்டம் என்று அன்று விழுந்த கோடு, பின்னாளில் கோவிலுக்குள் தனி இடமாகவும், கல்லறையில் தனி வரிசையாகவும் நீண்டது. தென்கோடியில் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதையும் எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடினார்கள், தோற்றார்கள். நம் பாட்டன்மாரில் ஒரு சாரார் பூசை கண்டது கோவிலின் எந்தப் பக்கத்திலிருந்து என்பதை இப்போதும் சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே இருக்கிறார்கள். பீரங்கி வரவில்லை என்று நிமிர்ந்து சொல்லும் நாம், இதையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மகிழ்ச்சியோடு நினைக்க வேண்டிய ஒருவரும் உண்டு. நாமக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் தொட்டியம் வருகிறதல்லவா? அங்கே 1666-இல் உயிர்நீத்தார் அந்தாம் தெ புரோயன்சா என்ற போர்த்துகீசியக் குரு. மக்கள் வாயில் வழங்கிய சொற்களைத் திரட்டித் தமிழ் – போர்த்துகீசிய அகராதி செய்தவர். அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1679-இல், மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அது அச்சேறியது. தமிழ்ச் சொற்களுக்கு அச்சில் வந்த முதல் அகராதி அதுவே என்பர். அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது.

அதற்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 17-ஆம் நூற்றாண்டு முடியுமுன் இச்சமவெளி மைசூர் கைக்கு மாறிற்று. 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. அச்சபைக் குருக்கள் போய்ப் பாரீஸ் வேதபோதக சபையார் வந்தனர். ஐதர், திப்பு காலத்துப் படைகள் குறுக்கும் நெடுக்கும் நடந்தன. 1792-இல் திப்பு சுல்தான் கையொப்பமிட்ட உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கும்பெனிக்குச் சேர்ந்தன. அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டராய் வந்து நிலத்தை அளந்து வரி போட்டார். பீரங்கி வைத்திருந்த வெள்ளையர் ஆட்சி நம் ஊருக்கு வந்தது அப்போதுதான். சேலத்துச் சத்திரத்தில் அந்தச் சந்நியாசி படுத்துக் கிடந்து அதற்குள் 169 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேதம் வந்து வெகுகாலம் வரை சேலத்துக்கென ஓர் ஆயர் இல்லை. நம் ஊர்கள் புதுச்சேரிக்கும், மைசூருக்கும், 1899 முதல் கும்பகோணத்துக்குமாகப் பிரிந்து கிடந்தன. 1930 மே 26-இல் சேலம் மறைமாவட்டம் ஏற்பட்டது. முதல் ஆயர் ஹென்றி புரூனியே ஆண்டகை பிரெஞ்சு நாட்டவர். 1949-இல் அந்த இருக்கையில் அமர்ந்தவர் வெண்மணி செல்வநாதர், தமிழர்.