கையெழுத்து போட்டுட்டு கிளம்பிடாதீங்க! பட்டு சங்க பேரவை கூட்டத்தில் நெசவாளர் என்ன கேட்கலாம்?

காஞ்சிபுரம்: பேரவை கூட்டம் என்றதும் பல நெசவாளர்களுக்கு ஞாபகம் வருவது வருகை பதிவேட்டில் ஒரு கையெழுத்து, ஒரு பொட்டலம் மிக்சர், ஒரு டீ. அரை நாள் தறி நின்னா அரை நாள் கூலி போச்சே என்ற கவலையில், கையெழுத்தை போட்ட கையோடு பிள்ளையார்பாளையத்துக்கு சைக்கிளை மிதிப்பவர்கள் நிறைய பேர். ஆனால் கணக்கை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நாளைக்கு காட்டப்போவது அந்த கையெழுத்தைத்தான்.

பட்டு கூட்டுறவு சங்கத்தில் பங்குத்தொகை கட்டி உறுப்பினரானவர் வெறும் கூலிக்காரர் இல்லை, சங்கத்தின் பங்குதாரர். தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டம் 1983-ல் இயற்றப்பட்டு 1988-ல் அமலுக்கு வந்தது. அந்த சட்டப்படி சங்கத்தின் இறுதி அதிகாரம் தலைவரிடமோ மேலாளரிடமோ இல்லை. உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்த பொதுப்பேரவையிடம் இருக்கிறது. பெரியவர்கள் இதைத்தான் மகாசபை என்பார்கள்.

கூட்டுறவு காஞ்சிபுரத்துக்கு புதுசும் இல்லை. 1904-ம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் நகர கூட்டுறவு கடன் சங்கம் பதிவானது நம்ம ஊரில்தான்.

கம்பெனி வேற, சங்கம் வேற

பெரிய கம்பெனிகளும் வருஷா வருஷம் பங்குதாரர் கூட்டம் நடத்துகின்றன. 2013-ம் ஆண்டு கம்பெனி சட்டப்படி 21 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மார்ச் 31-ல் கணக்கு முடிக்கும் கம்பெனி செப்டம்பர் 30-க்குள் கூட்டத்தை நடத்தியாக வேண்டும். காலை 9 மணிக்கு மேல், மாலை 6 மணிக்குள் ஆரம்பிக்க வேண்டும். தேசிய விடுமுறை நாளில் நடத்தக்கூடாது. பங்குதாரர் 1,000 பேர் வரை உள்ள பொது கம்பெனியில் 5 பேர் நேரில் வந்தாலே கூட்டம் செல்லும். 5,000 பேருக்கு மேல் இருந்தால் 30 பேர் வரவேண்டும். வரமுடியாதவர் தனக்கு பதிலாக இன்னொருவரை அனுப்பலாம்.

ஓட்டு விஷயத்தில்தான் பெரிய வித்தியாசம். கம்பெனியில் எத்தனை பங்கோ அத்தனை ஓட்டு. லட்சம் பங்கு வைத்திருப்பவர் முன்னால் 10 பங்குக்காரர் ஒண்ணுமில்லை. சங்கத்தில் அப்படி இல்லை. பங்கு அதிகமோ குறைவோ, ஆளுக்கு ஒரு ஓட்டு. அதையும் நேரில் வந்துதான் போடணும். நீங்க வீட்டுக்கு போயிட்டா உங்க ஓட்டும் போயிடும்.

தேதி வைப்பதே பெரும்பாடு

கூட்டம் நடத்துவது என்றால் ஷாமியானா போடுவது மட்டும் இல்லை. மார்ச் 31-ல் கணக்கை முடித்து, இருப்பில் உள்ள சேலை, பட்டு, ஜரிகையை எண்ணி, எடை போட்டு பதிய வேண்டும். பிறகு கூட்டுறவு தணிக்கை துறையினர் கணக்கை பார்க்க வேண்டும். அந்த தணிக்கை அறிக்கை கையில் இல்லாமல் பேரவை கூடினால் பேசுவதற்கு பெரிதாக எதுவும் இருக்காது.

அடுத்தது தேதி. வருஷம் பூரா ஏதாவது ஒரு கோயிலில் உற்சவம் நடக்கும் ஊர் இது. கருட சேவை அன்றைக்கு கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? முகூர்த்த சீசனில் தறியை விட்டு எழுந்திருக்கவே மனசு வராது. இதை எல்லாம் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். உறுப்பினர்கள் வரமுடியாத நாளாக பார்த்து வைப்பது சிலருக்கு சவுகரியம் என்பது வேறு விஷயம்.

நோட்டீசில் நாள், நேரம், இடத்தோடு என்னென்ன பேசப்போகிறோம் என்ற பொருள் பட்டியலும் இருக்க வேண்டும். ‘இதர விஷயங்கள்’ என்று கடைசியில் ஒரு வரி இருந்தால் கவனிங்க. பெரிய செலவு எதையாவது அதற்குள் சத்தமில்லாமல் நுழைத்துவிட முடியும்.

எந்த கணக்கை பார்க்கணும்?

பலரும் கேட்பது ஈவுத்தொகை எவ்வளவு என்றுதான். உதாரணத்துக்கு உங்க பங்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் ஈவு கொடுத்தால் கிடைப்பது 100 ரூபாய். அரை நாள் கூலிக்கே காணாது. அதனால் முதல் கேள்வி ஈவு பற்றி இருக்க வேண்டாம்.

இருப்பு கணக்கை பாருங்க. தேங்கிக்கிடக்கும் சேலை எத்தனை? அதில் ரெண்டு, மூணு வருஷத்துக்கு முந்தைய சரக்கு எவ்வளவு? விற்காத சேலையில் சங்கத்தின் பணம் முடங்கிவிடும். பணம் முடங்கினால் பட்டு வாங்க முடியாது. பட்டு இல்லை என்றால் அடுத்த பாவு தள்ளிப்போகும். பாவு அறுத்து கொடுத்துவிட்டு அடுத்த பாவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் குடும்பத்துக்கு காரணம் அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

அடுத்தது வரவேண்டிய பாக்கி. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் சங்கங்களிடம் சேலை கொள்முதல் செய்கிறது. அங்கிருந்து வரவேண்டியது எவ்வளவு, அரசு தரவேண்டிய தள்ளுபடி மானியம் எவ்வளவு நிலுவை, அதற்குள் வங்கி கடனுக்கு கட்டிய வட்டி எவ்வளவு? இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பார்த்தால் லாபம் எங்கே போச்சு என்பது தெரிந்துவிடும்.

பிறகு ஜரிகை. அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலை காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. சங்கம் எங்கே, என்ன விலைக்கு, எத்தனை மார்க் வாங்கியது என்று கேளுங்க. ஒரு மார்க் என்பது 242 கிராம். வெள்ளி விலை ஏறும் காலத்தில் இந்த ஒரு இனத்திலேயே லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலைக்கு ஜரிகையில்தான் பேரும், ஜரிகையில்தான் கெட்ட பேரும்.

கடைசியாக உறுப்பினர் பட்டியல். தறியே இல்லாதவர்கள் உறுப்பினராக இருப்பதாக நெசவாளர்கள் மத்தியில் நெடுநாள் புகார் உண்டு. அப்படி ஒருவர் பெயரில் போகும் போனஸ் உங்க பங்கிலிருந்து போவது.

கணக்கு காட்டாதவர்களை என்ன செய்வது என்பதற்கு நம்ம மாவட்டத்திலேயே பழைய தீர்ப்பு இருக்கிறது. உத்திரமேரூர் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வெட்டிய கல்வெட்டுகளை போய் பாருங்க. வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர் பெயரை மட்டும் இல்லை, அவரது உறவினர் பெயரையும் குடவோலையில் சேர்க்கக்கூடாது!

தீர்மான புத்தகத்தில் ஏற்றணும்

கேள்வியை வாயால் கேட்டால் மட்டும் போதாது, எழுதியும் கொடுக்கணும். எதிர்ப்பு இருந்தால் அது தீர்மான புத்தகத்தில் பதிவாகணும் என்று கூட்டத்திலேயே சொல்லுங்க. எழுதாத வெற்று பக்கத்தில் கையெழுத்து கேட்டால் போடாதீங்க.

சங்கத்தில் பதில் கிடைக்கவில்லை என்றால் காஞ்சிபுரத்தில் உள்ள கைத்தறி துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். முறைகேடு என்றால் சட்டத்தின் 81-வது பிரிவில் விசாரணைக்கு இடமுண்டு. இழப்பு நிரூபணமானால் 87-வது பிரிவில் சம்பந்தப்பட்டவரிடமே வசூலிக்கலாம். தகவல் உரிமை சட்டத்தில் சங்கத்திடம் நேரடியாக கேட்பது சிரமம். கூட்டுறவு சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்று கேரள வழக்கு ஒன்றில் 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. ஆனால் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்டு வாங்கலாம் என்றும் அதே தீர்ப்பில் உள்ளது. கைத்தறி சங்கங்களுக்கு அந்த பொறுப்பு கைத்தறி துறை இயக்குநரிடம் இருப்பதால், மனுவை அங்கே போடணும்.

கூட்டத்துக்கு கிளம்பும்போது உறுப்பினர் அட்டையை எடுத்துக்கிட்டு போங்க. பங்குக்கு வாரிசாக யார் பெயரை கொடுத்திருக்கீங்க என்பதையும் அன்றைக்கே சரிபார்த்துவிடலாம். பல வீடுகளில் நூல் இழைப்பதும், கோர்வைக்கு பக்கத்தில் உட்கார்ந்து நாடா போடுவதும் மனைவி, பங்கு மட்டும் கணவர் பெயரில். வாரிசு பெயர் எழுதாமல் கணவர் போய்விட்டால், பங்குத்தொகைக்கும் சேமிப்புக்கும் சான்றிதழ்களை தூக்கிக்கொண்டு அலைய வேண்டியது அந்த அம்மாதான்.